அண்ணன் வண்டியும் தம்பி வண்டியும்

நான் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். ஸ்கூட்டரைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. ஆனாலும் இரட்டை கிளட்ச் ஏன் சூடாகிறது, ஜப்பான்காரன் ஏன் கிளட்சே வேண்டாமென்று விட்டான் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்டுக் கேட்டு அப்படிக் காது புளித்துப் போயிருந்தது.

என் கணவருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் மண்டி. அவருடைய அண்ணன், எனக்கு அத்தான், கூட்டுறவு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில்தான் வீடு. இரண்டு பேருக்கும் சொகுசுக் கார் பைத்தியம். அத்தான் வைத்திருந்தது ஜப்பான் வண்டி. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். கியர் மாறுவது தெரியவே தெரியாது, ஏனென்றால் மாறுவதற்கு அதில் கியர் வரிசையே கிடையாது. என் கணவர் வாங்கியது கை மாறி வந்த ஜெர்மன் வண்டி. அதில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராக நிற்கும். கண்ணிமைப்பதற்குள் மாறிவிடும் என்று சொல்லிச் சொல்லி அவர் மாய்ந்து போவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"அண்ணே, ஒங்க வண்டிய மிதிச்சா சத்தம்தான் முதல்ல போகுது. வண்டி பொறத்தால வருது."

"சத்தம் போட்டா போடட்டும்லே. இத்தன வருஷத்துல ஒரு நாளு வழியில நின்னுருக்கா? ஒன் வண்டி வீட்டுல கெடந்த நாளவிட ஒர்க் ஷாப்புல கெடந்ததுதான் ஜாஸ்தி."

இது விளையாட்டுப் பேச்சு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றிலும் அண்ணனுக்கு அடுத்ததாகவே நின்ற மனிதருக்கு அந்தக் கார் ஒன்றுதான் முந்தி நின்ற இடம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கொஞ்சத்தில் தவறவிட்டவள். மூன்றாவது தடவைக்கு ஒரு வருடம் அறையை விட்டு வெளியே வராமல் படித்தாள். கல்யாண வீடுகளுக்குக் கூட வரமாட்டாள். வந்தால், "இன்னுமா படிக்கா?" என்று யாராவது கேட்பார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இதுதான் கடைசி, இதற்குமேல் என்னால் முடியாது என்று ஒருநாள் என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள். எப்படியாவது இந்த ஒரு தடவை இவளைக் கரை சேர்த்துவிடு என்று வேண்டாத சாமியில்லை.

தேர்வு மையம் பாளையங்கோட்டையில். மத்தியானம் ஒன்றரைக்கு வாசல் கதவை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு கலெக்டர் மகளே வந்தாலும் விடமாட்டார்கள். பஸ்ஸில் காலையிலேயே போய்விடலாம் என்றேன். என் கணவர் கேட்கவில்லை.

"எம்பிள்ள பஸ்ஸுல கசங்கிக்கிட்டா போவா? ஏசி போட்டு, அலுங்காம கொண்டு எறக்குதேன் பாரு."

காதில் கம்மல் இல்லாமல், கையில் வளையல் இல்லாமல், தேர்வு விதிப்படி அரைக்கைச் சட்டையும் செருப்புமாக அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பத்து மணிக்கே கிளம்பிவிட்டோம். நேரம் தாராளமாக இருந்தது. அந்தத் தாராளம்தான் எங்களைக் கெடுத்தது.

கருங்குளம் தாண்டி எங்கள் குலதெய்வம் கோயில். அங்கே அன்று கொடை விழா. சாமியாடுகிற கோமரத்தாடி கையால் பிள்ளைக்குத் திருநீறு வாங்கிவிட்டுப் போவோம் என்று வண்டியைத் திருப்பினார். ஊரார் முன்னால் அந்த வண்டியில் போய் இறங்கும் ஆசையும் அதில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். கோமரத்தாடி சாமி வந்து ஆடிக்கொண்டு, ஆற்றிலிருந்து தீர்த்தக் குடங்களோடு வந்துகொண்டிருந்தார். திருநீறு கிடைத்தது. ஆனால் மெயின் ரோட்டுக்குத் திரும்ப அந்த ஒரு தெருதான். எங்களுக்கு முன்னால் மேளமும் குடங்களும் கோமரத்தாடியும்.

"ஒதுங்கச் சொல்லிக் கேளுங்களேன். பரிட்சைக்குன்னா வழி விடுவாங்க" என்றேன்.

"சாமி நடந்து போகுது. அதுக்கு முன்னால வண்டிய ஓட்டிக்கிட்டு போகச் சொல்லுதியா? அதுவும் இன்னைக்கா?"

எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சாமியை முந்திக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதி என்னவாகப் போகிறது என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வீடு நின்று, காலுக்குத் தண்ணீர் ஊற்றி, அருள்வாக்குக் கேட்டு, ஊர்வலம் பைய நகர்ந்தது. எங்கள் வண்டி அதன் பின்னால் அடியடியாக ஊர்ந்தது. அந்த வண்டிக்கு ஊர்ந்து போவதுதான் ஆகாது. கிளட்ச் முழுசாகப் பிடிக்காமலும் முழுசாக விடாமலும் உரசிக்கொண்டே இருக்கும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அத்தான் இதைச் சொல்லியிருக்கிறார்! நிற்கும்போதாவது எஞ்சினை அணைத்துப் போடுங்கள் என்றேன். ஏசி நின்றால் பிள்ளைக்கு வியர்க்கும் என்றார்.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது பன்னிரண்டாகப் போகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரு உதறு உதறியது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்தவும் என்று டிஸ்ப்ளேயில் சிவப்பு எழுத்து வந்தது. வெயிலில் நிறுத்தினோம். ஆறட்டும், ஆறட்டும் என்றார். ஆறியபின் கிளப்பினால் எஞ்சின் ஓடியது, சக்கரம் அசையவில்லை. நானும் மகளும் இறங்கி ரோட்டில் நின்று கையைக் காட்டினோம். கொடைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு படியில் தொங்கத் தொங்க ஒரு பஸ் நிற்காமல் போனது. இரண்டு கார்களும் நிற்கவில்லை.

"அத்தானுக்குப் போன் பண்ணுதேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம். வேற யாரையாவது கூப்பிடு. அண்ணன வேண்டாம்." குரல் கெஞ்சியது. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. இரக்கமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. பக்கத்தில் மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை உதறிவிட்டுப் போன் பண்ணினேன்.

அத்தான் உடனே வருகிறேன் என்றார். அவருக்கு உடனே என்றால், கார் மேல் போட்டிருந்த உறையைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, எஞ்சினைச் சூடாக்கி. வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கண்ணாடியை இறக்கி, முதலில் தம்பியின் வண்டியைத்தான் பார்த்தார். "ரெட்ட கிளட்சும் போச்சாலே?" என்றார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் ஏறிக்கொண்டோம்.

அந்த வண்டி சத்தமில்லாமல், ஒரு குலுக்கலில்லாமல் ஓடியது. நான் வேகமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அறுபதைத் தாண்டவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது.

"பெரியப்பா, கொஞ்சம் வேகமா போங்க" என்றாள் மகள்.

"போயிருவோம்மா. இந்த வண்டி இத்தன வருஷம் உழைக்குன்னா எதனால? நான் ஒரு நாளும் அறுவதுக்கு மேல மிதிச்சதில்ல."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜப்பான்காரன் நல்லதைத்தான் செய்திருக்கிறான். ஆனால் அது நிற்காமல் ஓடியதற்குப் பாதிக் காரணம், அதை யாரும் ஒரு அவசரத்துக்கும் கேட்டதில்லை என்பதுதான்.

"பெரியப்பா, ப்ளீஸ்." அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தான், மிதிங்க!" என்று கத்தினேன். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. "வண்டி போனா போகட்டும், மிதிங்க!"

மிதித்தார். எஞ்சின் அலறியது. வேகம் அதன் பின்னால் மெல்ல மெல்ல ஏறியது. பாளையங்கோட்டைக்குள் வந்ததும், தேர்வு மையத்துக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி சிக்னலில் நின்றது. மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

கதவு மூடியிருந்தது. அப்போதுதான் மூடினார்களாம். இரும்புக் கம்பிக்குள் கையை விட்டு, "சார், சார்" என்று கூப்பிட்டாள். உள்ளே இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார். நான் அவர் காலில் விழத் தயாராக இருந்தேன். விழுவதற்குக் கூட அவர் பக்கத்தில் வரவில்லை.

அத்தான் வந்து சேர்ந்தார். பிள்ளையின் தலையில் கை வைப்பார் என்று நினைத்தேன். பானட்டைத் திறந்து சூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனில் தம்பியிடம், "எல்லாம் ஒன் வண்டியாலலே" என்றார். அந்தப் பக்கமிருந்து என் கணவர், "நீங்க அறுவதுல உருட்டாம வந்திருந்தா..." என்று கத்துவது எனக்கே கேட்டது. இரண்டு பேரும் ஓயவில்லை. நான் அத்தானைப் போகச் சொல்லிவிட்டேன்.

மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். எதிரே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. அழவும் இல்லை. சாயங்காலம் கதவு திறந்து பிள்ளைகள் வெளியே வந்ததும் எழுந்து போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தருவதாகக் கேட்டு வாங்கினாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு கேள்வியாக விரலை வைத்துக்கொண்டு போனாள்.

"இது தெரியும்மா" என்றாள். "இதுவும் தெரியும்."

அந்தப் பெண்ணின் அப்பா போகலாம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மகள் பக்கத்தைத் திருப்பினாள்.

"இதுவும் தெரியும்மா."