மாப்பிள்ளையின் மஸ்கட் கை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மொபெட்டை இடித்திருப்போம். மயிரிழையில் தப்பியது. தப்பு முழுக்க எங்களுடையது. ஆனால் மன்னிப்புக் கேட்டது யார் தெரியுமா? மொபெட்காரர்!

நாங்கள் என்றால், நானும் என் தங்கையின் கணவர் சரவணனும். மாப்பிள்ளைக்கு ஊர் வெண்ணந்தூர். பதினான்கு வருஷம் மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டியவர். மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் வளர்ந்ததைப் பெரும்பாலும் போனில்தான் பார்த்திருக்கிறார் பாவம். போதும் என்று ஊரோடு வந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை முதல் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலை. இது சரிப்படாவிட்டால் மறுபடி மஸ்கட்தான்.

சிக்கல் ஒன்றே ஒன்று. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், இங்கே இடப்பக்கம். அதனால் என் காரைக் கொடுத்து, ஓட்டிப் பழகுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ராசிபுரம் ரோட்டில் கிளம்பினேன்.

உலகம் பூராவும் ஒரே பக்கமாக வைத்துத் தொலைத்தால் என்ன என்று வழியில் அலுத்துக்கொண்டார். எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் குதிரையில் போகிறவர்கள் இடப்பக்கம் போனார்களாம். வாள் வலது கையில் — எதிரே வருகிறவன் அந்தப் பக்கம் இருந்தால்தானே வசதி? பிறகு பிரான்ஸ் பக்கம் பெரிய சரக்கு வண்டிகள் வந்தன. வண்டிக்காரன் இடப்புறக் குதிரைமேல் உட்கார்ந்து வலது கையால் சாட்டை வீசுவான். எதிர்வண்டியின் சக்கரம் உரசாமல் பார்த்துக்கொள்ள அவனுக்கு வலப்பக்கம் தோதாக இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் இடப்பக்கத்தை விடவில்லை. நம்மிடமும் அதையே விட்டுப் போனார்கள். இப்படி ஒரு கதை, வேறு கதைகளும் உண்டு.

எவனோ சாட்டை பிடித்ததற்கு நான் அவஸ்தைப்படுகிறேன் என்று மாப்பிள்ளை சிரித்தார்.

பெட்ரோல் பங்க் எதிர்ப்பக்கம் இருந்தது. போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், ரோட்டைக் கடந்து இடப்பக்கம் சேராமல் வலப்பக்கமாகவே விட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்று ஜம்பமாக உட்கார்ந்திருந்த நான்? கவனிக்கவே இல்லை. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே கொஞ்ச தூரம் போய், இடைவெளி பார்த்துக் கடக்கிறார்கள்!

வளைவில் பால் கேன்களோடு அந்த மொபெட்... மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். மொபெட் மண்ணில் இறங்கி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அடி எதுவும் இல்லை. சரியான பக்கத்தில் வந்த மனிதர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க. ஊடு இந்தப் பக்கந்தானுங்க... அதான் இப்படியே வந்துட்டேனுங்க."

தினமும் தப்பான பக்கத்தில் போய்ப் பழக்கம் போல. பிரேக் சத்தம் கேட்டதும், வழக்கம்போல் தப்பு தன்னுடையது என்று நினைத்துவிட்டார். தப்பு எங்களுடையது என்று சொல்லி அனுப்பினோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வரவில்லை.

"மச்சான், அங்க இப்படிப் போயிருந்தா ஆளாளுக்கு ஹாரன் அடிச்சிருப்பாங்க. இங்க நீங்களும் சொல்லலை, அவரும் சொல்லலை. பஸ்ஸுல இருக்கற புள்ளைங்களா சொல்லுவாங்க?"



அங்கேயே பள்ளிக்கூட மேனேஜருக்குப் போன் போட்டார். நான் தடுத்தேன். நாலு நாளில் பழகிவிடும், நீங்களே வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சாத குறை. தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. மனிதர் காதில் வாங்கவில்லை.

"சார், கை இன்னும் மஸ்கட்லயே இருக்குதுங்க. பத்து நாளு காலி பஸ் ஓட்டிக்கறேனுங்க. அப்புறம் புள்ளைங்கள ஏத்தறேனுங்க. ஒத்துவராதுன்னா வேற ஆளு பாத்துக்கங்க."

நாளைக்கே வாருங்கள், பழைய டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன் என்று பதில் வந்தது. மாப்பிள்ளை போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது காலி பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னல் வரை போய்ச் சுற்றுவானேன் என்று ஸ்கூட்டரை வலப்பக்கமாகவே நுழைத்தேன். பாதியில்தான் உறைத்தது.

அவர் கையை மஸ்கட் கெடுத்தது. என் கையை?