நாகலெட்சுமி சொல்ல, தெரேசா எழுதிய கடிதம்

பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள் தெரேசா. கொழுந்தெடுக்கப் போகும் நாங்கள் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவோம். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் எழுதித் தருவாள். சொன்னதை அப்படியே எழுதுவாள். 1978இல் அதுவே வினையாகிவிட்டது.

நாகலெட்சுமியின் புருஷன் அழகுமுத்து கொழும்புக்கு ஓட்டல் வேலைக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. அவனுக்கு அவள் சொல்லச் சொல்லத் தெரேசா எழுதிய கடிதத்தை, ஆபீசில் தபால் பை கட்டுகிற கிளாக்கர் றோலண்ட் பிரித்துப் படித்தான். படுபாவி, படித்ததோடு விட்டானா? ஒரு தாளில் எடுத்தெழுதி ஆம்பிளைகளிடம் சுற்றவிட்டான். மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் நாகலெட்சுமியைப் பார்த்து விசிலடித்தார்கள்.

பழி விழுந்ததோ, அதை எழுதிய தெரேசாமேல்! "இந்த அசிங்கம் புடிச்சவ கையிலயா நம்ம புள்ளைங்க?" என்று முதலில் கத்தியவள் நான்தான். இன்று நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அவளை வேலையிலிருந்து நிறுத்தத் தோட்டத்துத் துரைக்கு மனுக் கொடுப்பதா என்று பேச, ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கம் கூடியது. தலைவி பெற்றீசியா டீச்சர் கிளாக்கரிடமிருந்து பிடுங்கி வந்த கடிதமும் அவன் தாளும் அவர் கையில் இருந்தன.

"ரெண்டையும் படிங்க டீச்சர். அப்புறம் என்னைய நிறுத்துங்க," என்றாள் தெரேசா.

நாகலெட்சுமி தலைகுனிந்தபடி 'படிங்க' என்று கை காட்டினாள். டீச்சர் கடிதத்தைப் படித்தார். 'இருமல் தேவலையாங்க? கம்பளிய விட்டுட்டுப் போயிட்டீங்களே. உங்க நெஞ்சுல மூஞ்சி வச்சுத் தூங்கி எட்டு மாசமாச்சு. நீங்க தொட்ட எடமெல்லாம் குளிர்ல உங்களத்தான் தேடுது...' என் பக்கத்தில் வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கிளாக்கரின் தாள். வரிகள் அவளுடையவைதாம். ஆனால் இருமலும் கம்பளியும் அழகுமுத்துவும் அதில் இல்லை. நெஞ்சும் தொட்ட இடமும் மட்டுமே இருந்தன.

"புருஷன்கிட்ட ஆசையாப் பேசியிருக்கா, அதுல என்னங்க அசிங்கம்?" என்றாள் தெரேசா. "இந்தத் தாளப் பாருங்க, அவளையே காணோம். வெறும் ஒடம்பு கெடக்கு. அவளக் கேக்காம எடுத்து ஊருக்கே கூறு போட்டிருக்கான்."

மனுவைக் கிளாக்கர்மேல் எழுதினோம். முதல் கைநாட்டு என்னுடையது. தெரேசாவின் வேலை நிலைத்தது.

அடுத்த வாரம் பிள்ளையைத் தூக்கப் போனபோது, நாகலெட்சுமி தெரேசாவிடம் கடிதம் எழுதி வாங்க வந்திருந்தாள்.

"நான் சொகம், நீங்க சொகமான்னு எழுதுங்கக்கா."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க்கா. நாலு பேரு படிப்பாங்கல்ல."