திராட்சை வண்டியில் போன ஷூ

போன வருஷம் தை மாசம் நடந்த சம்பவம் இது. எங்கள் வீடு உத்தமபாளையத்தில். கணவர் மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நடக்கவே வராது, ஓட்டம்தான். அடுப்படியில் இருந்து வாசலுக்குப் போவதென்றாலும் ஓட்டம். பக்கத்து வீட்டுக் கொய்யா மரம், மாடிப்படிக் கைப்பிடி, கடை வாசலில் கிடக்கும் பழைய மோட்டார், எதையும் விடமாட்டாள். ஆனால் பள்ளிக்கூட ஷூவை மாட்டிவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவாள். அவளுக்கு விரல் பக்கம் பாதம் நல்ல அகலம். அளவாக வாங்கினால் விரல்கள் நசுங்கி, சுண்டுவிரலில் கொப்புளம் வந்துவிடும். பெரிதாக வாங்கினால் கால் உள்ளே ஆடும், கெட்டியான அடிப்பாகம் தடுக்கும், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவாள். கடைசியில் விளையாட்டுப் பீரியடில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. செருப்பில்லாமல் விடவும் வழியில்லை. மைதானம் முழுக்கச் சரளைக்கல்லும் நெருஞ்சி முள்ளும். முன்பு ஒரு பிள்ளைக்குக் காலில் கண்ணாடி குத்தியதிலிருந்து, ஷூ இல்லாமல் யாரையும் மைதானத்தில் இறக்குவதில்லை.

தீபாவளிக்கு முந்தின லீவில் கோயம்புத்தூரிலிருந்து என் அண்ணன் வந்திருந்தான். இவள் ஷூவோடு தடுமாறுவதையும், கழற்றி எறிந்த நிமிஷத்தில் பறப்பதையும் பார்த்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் நீல நிறத்தில் ஒரு ஜோடி ஷூ. அடிப்பாகம் அப்பளம் போல மெல்லிசு. முன்பக்கம் வாத்துக்கால் மாதிரி அகலம். குதிகால் உயரமே கிடையாது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற மாதிரியே இருக்கும், முள்ளும் கல்லும் குத்தாது, ஆனால் பழகும்வரை தினமும் கொஞ்ச நேரம்தான் போட வேண்டும் என்று போனில் சொன்னான். கணவர் அதைச் சப்பாத்தி போலச் சுருட்டிப் பார்த்தார்.

"வெறுங்காலு மாதிரி இருக்கணும்னா வெறுங்காலாவே விட்டுறலாம்ல? இதுக்கு எதுக்கு ஒரு ஷூ?" என்று சிரித்தார்.

என் மாமியாரும் சேர்ந்துகொண்டு சிரித்தார். எனக்கும் அப்போது பெரிதாக நம்பிக்கை இல்லை.

மகள் மட்டும் அதை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டாள். ஒருவேளை இதுவும் கடிக்கிறதோ என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பினாள். "அம்மா, தரை தெரியுதும்மா" என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, இது மணல், இது சிமெண்ட், இது கோழி கிளறிய இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய்விட்டாள். பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அரையாண்டு லீவு முடிவதற்குள் அந்த ஷூ அவள் காலோடு ஒட்டிப்போனது. கொப்புளமும் இல்லை, விழுவதும் இல்லை. விளையாட்டு டீச்சர் அதை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, இது போதும் என்று அனுமதித்தார்கள். அதோடு விடவில்லை, ஆண்டு விளையாட்டு விழாவில் சின்னப் பிள்ளைகளின் ரிலே ஓட்டத்துக்கு இவளையும் சேர்த்துவிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டில் சப்பாத்திக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிற போகிற எல்லோரிடமும் கொடுத்து வாங்கிப் பயிற்சி நடந்தது.

விழா திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை காமயகவுண்டன்பட்டியில் என்னோடு படித்த தோழியின் புது வீட்டுக்கு மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கம்பம் டவுன் பஸ்ஸில் ஏறினோம். வழியில் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஷூவுக்குள் மண் போய்விட்டது என்று இவள் ஒன்றைக் கழற்றி, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி உதறினாள். அந்த நேரம் பார்த்து, பெட்டி பெட்டியாகத் திராட்சை ஏற்றிய ஒரு மினி வண்டி, நின்ற பஸ்ஸை ஒட்டி மெதுவாகப் போனது. கை நழுவி, ஷூ நேராக அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தது. ஹாரனை அடித்துக்கொண்டு வண்டி போய்விட்டது.

நான் சத்தம் போட்டதில் கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸைப் புறப்படவிடாமல் நிறுத்தினார். என்னமோ ஏதோ என்று பத்துப் பேர் இறங்கி ரோட்டோரம் தேடவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவர்தான் நிதானமாகச் சொன்னார், ஷூ கீழே விழவில்லை, வண்டியில் ஏறிப் போய்விட்டது என்று. எல்லோரும் மறுபடி பஸ்ஸுக்குள் வந்தார்கள். இவள் அழவில்லை. மிச்சமிருந்த ஒற்றை ஷூவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

நான் திங்கட்கிழமை ரிலே பற்றிச் சொன்னேன். இந்த மாதிரி ஷூ நம் பக்கத்துக் கடைகளில் எங்கேயும் கிடைக்காது என்பதையும் சொன்னேன். கண்டக்டர் இவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வெசனப்படாத ஆத்தா. திராட்ச வண்டி எங்கன போகும்? மல ஏறிக் கேரளாவுக்குத்தான் போகும். போற எடம் தெரிஞ்சா, வர்ற வழியும் இருக்கும்ல."

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், இவள் மடியில் இருந்த ஒற்றை ஷூவைப் படம் எடுத்தாள். இதன் ஜோடி ஒரு திராட்சை வண்டியில் போய்விட்டது, திங்கட்கிழமை ஓட்டப் பந்தயம், பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதி, என் நம்பரையும் போட்டு அவள் ஊர் குரூப்பில் அனுப்பினாள். அவள் சித்தப்பா திராட்சை வியாபாரி. அவர் அதை வண்டி ஓட்டுகிறவர்களின் குரூப்புக்குத் தள்ளிவிட்டார். கம்பத்தில் இறங்கும்போது பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி வரை ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இல்லை. மகள் பழைய கறுப்பு ஷூவை எடுத்து மாட்டி வாசலில் ஓடிப் பார்த்தாள். இரண்டு தடவை தடுக்கியது. கழற்றி வைத்துவிட்டு, தனக்குப் பதிலாக வேறு யாரையாவது ஓடச் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டாள். அவள் அத்தா, அதுதான் என் கணவர், அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்துவிட்டார்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. குமுளி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். திராட்சை இறக்கும்போது பெட்டிகளுக்கு நடுவில் ஒரு குட்டி ஷூ கிடந்ததாம். யாராவது தேடி வருவார்கள் என்று அதைக் கடை முன்னால் கொக்கியில் மாட்டி வைத்திருந்தாராம். அந்த வண்டியின் டிரைவர், குரூப்பில் வந்த படத்தை அப்போதுதான் பார்த்துவிட்டு, அவரிடம் சொல்லி என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"மோள்ட்ட சொல்லு, பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். ஷூ பத்திரமா என்கிட்ட உண்டு" என்றார்.

மகள் போனைப் பிடுங்கி, அது நசுங்கிவிட்டதா என்று கேட்டாள். நசுங்கவில்லை, கொஞ்சம் முந்திரிச் சாறு மட்டும் பட்டிருக்கிறது என்று அவர் சொல்ல, முந்திரிப் பருப்பில் எப்படிச் சாறு வரும் என்று இவள் குழம்பிப்போனாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை.

கணவர் உடனே பைக்கை எடுக்கக் கிளம்பினார். சபரிமலை சீசன் கூட்டம் இன்னும் குறையவில்லை, மலைப்பாதையில் ஒரே நெரிசல், இருட்டில் வண்டியோட்டி வரவேண்டாம் என்று அந்தப் பெண் அதட்டிவிட்டார். பஸ்காரர்கள் எல்லாம் தன் கடையில்தான் பழம் வாங்குகிறார்கள், காலையில் தேனிக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை கணவர் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். நான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். குமுளியிலிருந்து ஒரு பஸ் வந்தது. டிரைவரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததும் அப்படியே. பள்ளியில் கொடியேற்றும் நேரம் தாண்டிவிட்டது. போன் செய்தால், பஸ் எப்போதோ கிளம்பிவிட்டது, மலையிறக்கத்தில் ஒரு லாரி டயர் வெடித்து எல்லா வண்டியும் நிற்கிறது என்றார் அந்தப் பெண். குரலில் என்னைவிட அவருக்குத்தான் பதற்றம் அதிகம்.

கடைசியில் தூரத்தில் இருந்தே விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் வந்தது. முன் கண்ணாடியில், மாலை தொங்க வேண்டிய இடத்தில் நீல ஷூ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நடுரோடு என்றும் பாராமல் நான் கையை ஆட்டினேன். டிரைவர் அதைக் கழற்றி ஜன்னல் வழியே நீட்டினார்.

"பந்தயம் முடிஞ்சிருச்சாம்மா? பஸ்ஸே அதத்தான் கேட்டுக்கிட்டு வருது" என்றார்.

பார்த்தால், ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். சீக்கிரம் போங்கம்மா என்று யாரோ விரட்டினார்கள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும்தான் கவனித்தேன், ஷூவில் ஏலக்காய் வாசம். உள்ளே கை விட்டால் காகிதத்தில் மடித்து ஒரு பிடி ஏலக்காய்.

மைதானத்தில் என் மகள் ஒரு காலில் நீல ஷூவும் ஒரு காலில் கறுப்பு ஷூவுமாக நின்றுகொண்டிருந்தாள். விளையாட்டு டீச்சர் சின்னப் பிள்ளைகளின் ரிலேயைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். நான் ஓடி வந்ததைப் பார்த்துக் கைதட்டல் வேறு. ஷூவை நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்தாள், பாயசம் வாசம் அடிக்குது என்றாள், மாட்டிக்கொண்டு போய் நின்றாள்.

மூன்றாவதாக ஓட வேண்டியவள் அவள். கட்டை கைக்கு வந்ததுதான் தெரியும், பறந்தாள். முன்னால் போன இரண்டு பேரைத் தாண்டினாள். நானும் கணவரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சேர்ந்து ஓடுகிறோம். நாலாவதாக ஓட வேண்டிய பிள்ளை கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றது. இவள் அவளைப் பார்த்தாள், சிரித்தாள், கட்டையைக் கொடுக்காமலே தாண்டிப் போய்விட்டாள். ஓடுகிற சந்தோஷத்தில் நிற்கத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை கத்திக்கொண்டே பின்னால் துரத்த, மைதானமே சிரிக்க, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இவளுக்கு ஞாபகம் வந்தது. நின்றாள். துரத்தி வந்தவள் கட்டையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபடி முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள்.

விதிப்படி பரிசு கிடையாது. அடுத்து வந்த அணிக்குத்தான் கிடைத்தது. அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்வாளோ என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனால், நாலு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் குமுளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. அந்தப் பக்கமும் ஒரே சிரிப்பு.

கோடை லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம். நாங்கள் யாரென்று சொல்வதற்கு முன்னாலேயே அந்தப் பெண் குனிந்து இவள் காலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். என்னைவிட இளையவர். தனக்கும் இதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள், ஒரு பிள்ளையின் ஷூ தொலைந்தால் வீடு என்ன பாடுபடும் என்று தெரியாதா என்றார். இரண்டு பிள்ளைகளும் பழப்பெட்டிகளுக்கு நடுவில் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்பத்துக்கும் தேனிக்கும் இடையில் ஆயிரம் தடவை போய் வந்திருப்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோடு சரி, கூட வருகிறவர்கள் யாரென்று நினைத்ததில்லை. இப்போது பஸ்ஸில் யாராவது எதையாவது தவறவிட்டுப் பதறினால், என் ஊர் வந்துவிட்டதா என்று பார்க்காமல் நானும் குனிந்து சீட்டுக்கடியில் தேடுகிறேன். அப்படிக் குனியும் ஒவ்வொரு தடவையும், முகம் தெரியாத இத்தனை பேர் ஒரு சின்னப் பிள்ளையின் ஓட்டத்துக்காகக் காத்திருந்தார்கள் என்கிற நினைப்பே எனக்குப் போதுமான சந்தோஷமாக இருக்கிறது.