கோயாங் காக்கி என்று நான் சொன்னது

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் கொமூட்டர் ரயிலில் காலியாகக் கிடந்த ஓர் இருக்கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். மருமகள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் எழுந்துவிட்டாள். கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்குவதும் நீட்டுவதும், பிறகு மறு காலை மடக்குவதும் நீட்டுவதுமாக வழி முழுக்க நின்றே வந்தாள். எதிரில் இருந்த அம்மாள் பொறுக்காமல், "ஆன்டி, உங்க மருமகள உக்காரச் சொல்லுங்க லா, சீட்டுதான் இருக்கே" என்றார். "அந்த சீட்டுல என் பை உக்காந்துருக்கும்மா. பாவம், பைக்குத்தான் கால் வலி" என்றேன். பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் படித்தது தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. வாய் மட்டும் பட்டப்படிப்பு முடித்தது. 'பாசார்' என்று நாங்கள் சொல்லும் கிள்ளான் சந்தையில் முப்பது வருடம் வடை சுட்டு விற்றவள் நான். என் வடையை விட என் பேச்சுக்குத்தான் கூட்டம் வந்தது. யாரையாவது ஒரு சொல்லால் சீண்டி நாலு பேரைச் சிரிக்க வைத்தால்தான் அன்றைக்கு எண்ணெய் காய்ந்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவள் வீட்டுக்குக் காலாட்டும் மருமகள் வந்தால் சும்மா விடுவேனா? உட்கார்ந்து காலாட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று நம் பக்கம் சொல்வோம். மலாய்க்காரர்கள் வேலை வெட்டி இல்லாமல் சுகமாக இருப்பவரைக் 'கோயாங் காக்கி' என்பார்கள். கால் ஆட்டுகிறவர் என்று அர்த்தம். இரண்டு மொழியும் சேர்ந்து எனக்கு ஒரு பட்டப்பெயரை எடுத்துக் கொடுத்தன. 'கோயாங் காக்கி மகாராணி' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவளுக்கு அப்போது மலாய் ஒரு சொல்லும் தெரியாது. கூப்பிட்டால் "இதோ வரேன் அத்தை" என்று ஓடி வருவாள். அத்தை எனக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார் என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அப்போதும் திருத்தவில்லை.

பொழுது சாய்ந்தால் அவளுக்கு ஆரம்பிக்கும். நாங்கள் டிவியில் தொடர் பார்க்கும் நேரம் அவள் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடப்பாள். படுத்தால் இன்னும் மோசம். காலையில் கண் சிவந்து எழுந்து வருவாள். இது மனசு என்று நான் தீர்ப்பு சொல்லிவிட்டேன். தாய் வீட்டு ஏக்கம், மனசு ஓரிடத்தில் நில்லாவிட்டால் கால் எப்படி நிற்கும்? கறுப்புக் கயிறு கட்டினேன், நல்லெண்ணெய் தேய்த்தேன், திருநீறு பூசினேன். லோரி ஓட்டும் என் மகன்தான், "அம்மா, ஒரு தடவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க லா, மலாய் பேச நீங்க இருக்கீங்கல்ல" என்றான்.

கிளினிக்குக்குப் போன அன்று காலையிலேயே அவள் சொல்ல வேண்டியதை விரல் விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மலாய்க்கார இளம்பெண். பக்கத்தில் ஒரு நர்ஸ். மருமகள் என்னைப் பார்த்து, "சொல்லுங்க அத்தை. வலி இல்ல. உள்ளுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கு. உக்காந்தா, படுத்தா வருது. ஆட்டுனா, நடந்தா அடங்குது. சாயங்காலம் ஆனா ஜாஸ்தி. தூக்கமே இல்ல" என்றாள். நான் டாக்டர் பக்கம் திரும்பி, "டியா கோயாங் காக்கி சஜா, டாக்டர்" என்றேன். அவள் காலை மட்டும் ஆட்டிக்கொண்டு இருக்கிறாள், அவ்வளவுதான். நர்ஸ் ஃபைலால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டு, நிஜமாகவே என்ன செய்கிறது என்று மறுபடி கேட்டார். அந்த இடத்திலாவது திருந்தியிருக்கலாம். சிரிப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு இறங்க மனம் வரவில்லை. "ரிண்டு மக் டியா" என்றேன். அம்மாவை நினைத்து ஏங்குகிறாள். டாக்டர் தலையாட்டி, தூக்கம் வர ஒரு மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் மீது குற்றமில்லை. எடைக்கல்லை நான் மாற்றி வைத்தால் தராசு என்ன செய்யும்?

எறும்புக்கு மலாய்ச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. செமுட். கடையில் சீனி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லித் திட்டியவள் நான்.

வெளியே வந்ததும், "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"எல்லாம் சொல்லிட்டேம்மா."

"ஏன் சிரிச்சாங்க?"

"உன்னய அவங்களுக்குப் புடிச்சுப்போச்சாம்."

மஞ்சள் மாத்திரை போட்ட நாட்களில் கால் இன்னும் அதிகமாகத் துடித்தது. அவள் அதை டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை. யாரை வைத்துச் சொல்வாள்? பிறகு உண்டானாள், தொல்லை இரட்டிப்பானது. வளைகாப்பில் பெண்கள் வரிசையாக வந்து கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். மணையில் அவளால் அசையாமல் உட்கார முடியவில்லை. தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள், வளையல் எல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. "எங்க வீட்டுல மேளத்துக்குத் தனியா ஆள் புடிக்க வேணாம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

குழந்தைக்கு நாலு வயதானபோது, அவளாகவே பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் டாக்டரிடம் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். என் உதவி இல்லாமல், தன் தமிழில், பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டாக்டர் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உடம்பில் இரும்புச்சத்து அடியோடு வற்றிக் கிடந்தது தெரிந்தது. அப்போதும் நான் விடவில்லை. "டாக்டர், இது மனசுதானே?" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கவலைப்பட்டா, தூக்கம் கெட்டா, இது கூடும்மா. ஆனா கவலையால மட்டும் வந்ததுன்னு சொல்லி விட்டுரக் கூடாது. முதல்ல குறையுற சத்தக் குடுப்போம். சில பேருக்கு அதுவே போதும். சில பேருக்கு மட்டும் வேற மருந்து வேணும்." தூக்கத்துக்குப் போடும் சில மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடும் என்றும் சொன்னார். மஞ்சள் மாத்திரையைப் பற்றி அவள் சொன்னாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இரும்பு மாத்திரையில் சில மாதங்களில் முக்கால்வாசி அடங்கியது. மனசா மாத்திரையா என்று வீட்டில் ஊர்ப்பட்ட வழக்கு நடத்தியவள் நான். மனசைப் பற்றி நான் பேசியதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். அவளுடைய மனசை ஒரு நாளாவது கேட்டுவிட்டா பேசினேன்? கடைக்கு மாவாட்ட ஆள் வேண்டும், நோய்க்காரி என்று பெயர் வந்தால் மகன் அவளைக் கடைக்கு அனுப்பமாட்டான் என்ற கணக்கும் அந்த ஜோக்குக்கு அடியில் இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது பேத்திக்குப் பதின்மூன்று வயது. டியூஷனில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து போகிறாள் என்று டீச்சர் குறை சொல்லிவிட்டார். இது குடும்பத்தில் இறங்கக்கூடும் என்று பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். போன மாதம் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக மருமகள் கிளம்பினாள். நானும் நல்ல சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் நின்றேன்.

"நீங்க வீட்டுலயே இருங்க அத்தை. நான் பேசிக்கிறேன்" என்றாள் மருமகள். பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறவள். இன்று அவள் பேசும் மலாய் என் பாசார் மலாயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

எனக்குப் புரிந்துவிட்டது. "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"வேலைக்குச் சேந்த முத வாரமே தெரியும். ஒரு சின்னப் பையன் என்னப் பாத்து, டீச்சர் கோயாங் காக்கின்னு சொன்னான். அர்த்தம் கேட்டேன். கிளினிக்குல நீங்க சொன்னதும் அதான்னு ஞாபகம் வந்துச்சு."

"ஏம்மா அப்பவே என்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா அதையும் ஒரு ஜோக்கா ஆக்கிருப்பீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. மகளின் தலைப்பின்னலைச் சரி செய்துகொண்டேதான் சொன்னாள்.

பாவி வாயில் அப்போதும் ஒன்று வந்தது. நல்ல ஜோக்குதான். விழுங்கினேன். எழுபத்தோரு வயதில் மருமகளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நீ எறும்புன்னு சொன்னே. எனக்கு அந்த வார்த்த தெரியும்மா. தெரிஞ்சேதான் சொல்லல."

அவள் கார் சாவியைக் கையில் எடுத்தாள். "சரி அத்தை" என்றாள். பிறகு, "அடுப்புல பருப்பு இருக்கு, பாத்துக்குங்க" என்றாள். கதவைச் சாத்தினாள், கார் கிளம்பியது. வாங்க என்று அவள் சொல்லவில்லை. நான் உள்ளே போய்ப் பருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.