எங்கள் மலையில் யுரேனியம் தேடிய அக்கா

அக்காவின் ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்தக் கட்டுரையை முதலில் வாசித்த அம்மா, சிரிப்பு வரும் இடங்களைக் குறைக்கச் சொன்னார். குறைத்துப் பார்த்தேன். அதில் அக்காவைக் காணவில்லை. மறுபடியும் சேர்த்துவிட்டேன்.

ஆனைக்கரைக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அக்கா பிறந்தார். அவர் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காய்ச்சலில் இறந்தார். அம்மா காயெடுப்புக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா மதுரைக்குப் போய் நிலவியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது, அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பா கேட்டார்: "கல்லைப் பத்தின படிப்பா? அதுக்கு ஏன் தாயி மதுர வரைக்கும்? இங்கயே மலையா கெடக்கே!"

படிப்பு முடிந்ததும் மத்திய அரசில் யுரேனியம் தேடும் குழுவில் வேலை கிடைத்தது. மேகாலயாவின் மலைகளில் பல ஆண்டுகள் கூடாரத்தில் வாழ்ந்தார். அங்கே அட்டைக்கடி அதிகம் என்று மேலதிகாரி எச்சரித்தபோது, "ஏலக்காட்டுல பொறந்தவ சார், அட்டையெல்லாம் எங்க சொந்தக்காரங்க" என்றாராம். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கூடாரத்த மாத்துறேன். மாப்பிள்ளைய எங்க கட்டிவைக்க?" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவின் குழுவை எங்கள் மலைக்கே அனுப்பினார்கள். வானிலிருந்து அளந்தபோது இந்தப் பக்கம் கதிர்வீச்சு சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததாம். தன் உறவினர்களின் நிலமும் அதற்குள் வருகிறது என்று அக்கா மேலிடத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். இடமும் மொழியும் தெரிந்தவர் நீங்கள்தான், போங்கள், அளவுகளை இன்னொருவர் சரிபார்ப்பார் என்று பதில் வந்தது.

கதிர்வீச்சை அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அக்கா ஓடை ஓடையாக நடந்தார். எல்லாக் கல்லுக்கும் மெதுவாக டிக், டிக்கென்று ஒலித்த அந்தப் பெட்டி, சித்தப்பா நிலத்தில் வேலிக்கு உட்புறம் இருந்த ஒரு கரும்பாறைக்கு எதிரே போனதும் விடாமல் அடித்துக்கொண்டது. காயெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. மலையைத் தோண்டப் போகிறார்கள், எல்லோரையும் இறக்கிவிடுவார்கள், இனி இந்த ஏலக்காயை யாரும் தொடமாட்டார்கள்.

சித்தப்பாவின் பயம் பெரியது. எத்தனையோ வருடம் வில்லேஜ் ஆபீசுக்கு நடந்து அப்போதுதான் அந்த நிலத்துக்கு உரிமைப் பட்டயம் வாங்கியிருந்தார். அக்கா எங்கள் வீட்டில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மதியம் வந்தார். உட்காரவில்லை.

"தாயி, அந்தப் பாறைகிட்ட பெட்டி கத்துனத மட்டும் எழுதாம விட்டுரு. ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

"எழுதிட்டேன் சித்தப்பா."

"அழிக்க முடியாதா?"

"முடியும். அழிச்சுட்டா, நாளைக்கு இங்க ஒண்ணுமில்லன்னு நான் சொன்னாலும் நீங்களே நம்ப மாட்டீக."

சித்தப்பா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். "சொந்த மண்ணுலயே குழி தோண்ட வந்தியா ஏட்டி?" என்று அம்மா தட்டை வெடுக்கென்று எடுத்தார். அக்கா எப்போதும் சிரிக்கிறவர். அன்று சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடையோரம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பாறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உண்மை தெரியும். சித்தப்பாவின் அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டமாட்டேன் என்று அக்கா குழுவிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோரையும் நிற்கச் சொல்லிக் கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்தார். கோயில் படிக்கல்லில் வைத்தார்கள், டிக் டிக். எங்கள் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கி வந்து வைத்தார்கள், டிக் டிக். ஒருவர் ஏலக்காய் மூட்டையில் வைத்தார், பெட்டி ஏறக்குறைய அமைதியாகிவிட்டது. குறும்புக்காரர் ஒருவர் சித்தப்பாவின் தலைக்கு நேராகப் பிடித்ததும் கூட்டம் சிரித்தது. சித்தப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"கல்லுன்னா கொஞ்சம் கத்தத்தான் செய்யும்," என்றார் அக்கா. "அந்தப் பாறை அதிகமாக் கத்துது. ஏன்னு எனக்கு இன்னும் தெரியாது. இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். தெரிஞ்ச அன்னிக்கு, நல்லதோ கெட்டதோ, நானே வந்து சொல்லுவேன்."

மறுநாள் காலை சித்தப்பா தானே கடப்பாரையுடன் வந்து பாறையில் ஒரு துண்டைப் பெயர்த்தார். தானே தோளில் சுமந்து ஜீப்பில் ஏற்றினார்.

சில மாதங்கள் கழித்து அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் எங்கள் வீட்டுக்குக்கூட வராமல் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

"பாறையில தோரியம்தான் சித்தப்பா, அதுவும் பொடிப்பொடியா. யுரேனியம் எடுக்குற அளவுக்கு இல்லவே இல்ல. யாரும் தோண்ட வரமாட்டாங்க."

"நல்லாப் பாத்தாகளா?" என்றார் சித்தப்பா.

"ரெண்டு தடவ பாத்தாங்க."

"இத்தன மாசம் நிம்மதியில்லாம அலஞ்சேன். ஒண்ணுமே இல்லையா?"

அக்கா சிரித்த சிரிப்பு மேல்லயம் வரை கேட்டது. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்று அவர் வீட்டில் கோழிக்குழம்பு. பெட்டி பொய் சொன்னாலும் அக்கா சொல்லமாட்டார் என்று ஊரே பேசியது. தேடியது கிடைக்காதது வருத்தமா என்று நான் கேட்டேன். "தேடுறவளுக்கு வருத்தம் இருக்காதாடா? ஆனா இன்னிக்கு ஒரு நாள் வருத்தமில்ல" என்றார்.

பணி ஓய்வுக்குப் பின் அக்கா எங்களோடு இருந்தது இரண்டே ஆண்டு. யுரேனியம்தான் அவரைக் கொண்டுபோனது என்று சிலர் சொன்னதாகக் கேள்வி. இதயம்தான் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். கடைசி வாரத்தில்கூட மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் மாறிமாறித் துணையிருந்த லயத்துப் பெண்களுக்கும், இரவல் வாங்கிய வண்டிகளில் உறவினர்களை மலையேற்றிக் கொண்டுவந்த இளைஞர்களுக்கும், எண்பது வயதிலும் சவப்பெட்டியின் ஒரு முனையை விடாமல் தாங்கிய சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு மேகாலயாவிலிருந்து பல நாள் ரயிலில் வந்த அக்காவின் கூடாரத் தோழிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்று எங்கள் கோயிலில் எழுந்து நின்று தன் மொழியில் ஒரு பாட்டைத் தொடங்கினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ராகம் மட்டும் எங்கள் கோயில் பாட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு பாட்டின் ராகம். முதலில் அம்மா தமிழில் சேர்ந்துகொண்டார். இரண்டாம் அடிக்குக் கோயில் முழுவதும் பாடியது.