நோ கேரியர் என்றால் மாமியார்

டொராண்டோவில் மோடம்கூடப் பொய் சொல்வதில்லை. இணைப்புக் கிடைத்ததும் 'கனெக்ட் 44000' என்று அடக்கமாகக் காட்டும். திருவொற்றியூரில் என் மச்சினன் வாங்கிய மோடமோ எடுத்த எடுப்பிலேயே 'கனெக்ட் 115200' என்கிறதாம். "லச்சத்துக்கு மேல போவுது மாமா. ஒங்க ஊர்ல இந்த ஸ்பீடு கீதா?" என்று போனில் கேட்டான். எனக்கு மானமே போயிற்று.

ஆபீஸில் பக்கத்து இருக்கை ஸ்டீவ்தான் விளக்கினான். அது கம்ப்யூட்டருக்கும் அருகிலிருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம் மட்டுமாம். ஆக, மேசைமேல் லட்சம். வாசலைத் தாண்டினால் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரியின் வேகம்.

அந்த வேகத்தில்தான் என் மகளின் முகம் வரவேண்டியிருந்தது. நான் விமானம் ஏறிய பிறகு ராயபுரம் ஆஸ்பத்திரியில் பிறந்து, திருவொற்றியூர் மாமியார் வீட்டில் வளர்பவள். இன்னும் பார்க்கவில்லை. போட்டோவைத் தபாலில் அனுப்பினால் மச்சினனின் கௌரவம் என்னாவது? ஸ்டூடியோவில் ஃபிளாப்பியில் போட்டு வாங்கி, சாட்டில் அனுப்பினான். முடி வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது. அவன் திரையில் 'நோ கேரியர்'. தினமும் இதே கதை. லைன் செத்திருந்தால் 'நோ டயல்டோன்' என்றிருக்கும். இது நடுவில் அறுந்தது. அறுத்தது யாரென்று மோடம் சொல்லாது. மச்சினன் லைனை அரிக்கும் உப்புக்காற்றைத் திட்டினான்.

ஒருநாள் மாமியார் போனை எடுத்தார். "டெய்லி யாரோ அழுவுறாங்க மாப்ள. அப்பால அடங்கிடுது. எடுத்து இன்னான்னு கேக்காம எப்படி வுடறது?"

மோடம் ஊளையிட்டு ஓய்ந்ததும், அதே லைனில் சமையலறையிலிருக்கும் இன்னொரு போனை எடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். தெருவுக்கே அந்த ஒரு நம்பர்தான். எல்லார் வீட்டுச் சாவுச் செய்தியும் அதில்தான் வரும்.

"அந்த போன் கால் அவருக்கு இல்லையென்று சொல்லிவிடேன்" என்றான் ஸ்டீவ். அவன் ஊரில் போன் அவரவருக்கு. எங்கள் தெருவில் அழுகை யாருக்கு வந்தால் என்ன?

கோபப்படத்தான் நினைத்தேன். இங்கே நானே ஊளையிட்டாலும் என்னவென்று கேட்க ஒரு நாதி கிடையாது. எடுக்காதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டோவைத் தபாலிலேயே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அதுவரை வந்ததை அச்செடுத்து ஆபீஸ் மேசைத் தடுப்பில் குத்தி வைத்தேன். யார் ஜாடை என்று ஸ்டீவ் கேட்டான்.

"நெற்றி என்னுடையது. மூக்கிலிருந்து கீழே திருவொற்றியூரில் இருக்கிறது" என்றேன்.