இடது கொட்டகைக்குப் போட்ட கொள்ளு

எருத்தேன்பதி வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் கடைசிப் பந்திக்குக் கோமதியைத்தான் நிறுத்துவார்கள். முதல் பந்திக்கு யார் வேண்டுமானாலும் பரிமாறலாம். வாளி நிறையக் குழம்பு இருக்கும்போது எல்லோருக்கும் கை தாராளம்தான். கடைசிப் பந்தியில்தான் பரிமாறுகிறவரின் குணம் தெரியும். கோமதி நின்றால், மாப்பிள்ளையின் மாமன் முதல் பந்தியில் தின்ற அதே வடையைப் பந்தல் போட்டவன் கடைசிப் பந்தியில் தின்பான். எப்படி மிச்சம் பிடிப்பாள் என்று சமையல்காரருக்கே தெரியாது. "பந்தி வஞ்சன பண்ணுன கை புழுத்துப் போகுமுங்க" என்பாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். அதுவே அவளைக் கவிழ்த்தும் விட்டது.

வேலந்தாவளத்தில் பிறந்து மாரப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தென்னையில் நோய் விழுந்து பாதி மரம் மொட்டையான பிறகு, ஊருக்கு மேற்கே இருந்த தீவன ஆராய்ச்சிப் பண்ணையில் கோழி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தனியார் பண்ணை, அதன் தலைமை அலுவலகம் கொச்சியில். சேர்த்துக்கொண்டவள் பத்மப்ரியா. கல்பாத்திப் பெண், முப்பத்தொரு வயது, பெரிய படிப்பு. மூன்று வருஷமாக அவள் தூக்கத்திலும் விழிப்பிலும் நினைத்தது ஒரு மக்காச்சோளத்தைத்தான்.

முதல் நாளே உட்கார வைத்துச் சொன்னாள். "சாதாரணச் சோளத்துல லைசின்னு ஒரு சத்து குறைச்சல், கோமதியக்கா. அது இல்லேன்னா ஒடம்புல சதை பிடிக்காது. கோழிக்கும் அப்படித்தான், மனுஷாளுக்கும் அப்படித்தான். அதனால இப்போ மருந்து மாதிரி வாங்கித் தீனியில கலக்கறா. நாங்க இந்தச் சோளச் செடியே ஒரு நொதியை உண்டாக்கும்படி மாத்திருக்கோம். அந்த நொதி மணிக்குள்ளயே லைசினை நிறையப் பண்ணிடும்."

"பால்ல ஒறை ஊத்துனா தயிராகற மாதிரிங்களா, மேடம்?"

"ஏறக்குறைய அதேதான்" என்று பத்மப்ரியா சிரித்தாள்.

கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்த அந்தச் சோளம் மூட்டையில் வந்து இறங்கியது. கொட்டகை இரண்டு, ஒவ்வொன்றிலும் முப்பது குஞ்சு. வலது கொட்டகைக்குப் புதுச் சோளத் தீனி, இடது கொட்டகைக்குப் பழைய சோளத் தீனி. ஆறு வாரம் கழித்து எடை பார்த்து, வலதுபக்கம் கூடுதலாக வந்தால் சோளம் ஜெயித்தது. கோமதிக்கு எல்லாம் புரிந்தது. புரியாமல் செய்தாள் என்று பிற்பாடு சிலர் அவளுக்காகப் பேசினார்கள். அது பொய். நன்றாகவே புரிந்திருந்தது.

இரண்டு வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. வலதுபக்கம் உருண்டு திரண்டு நின்றன. இடதுபக்கம் இறகு சரியாக மூடாமல், கழுத்து நீண்டு, அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே கம்பி வலையில் வந்து முட்டின. எடை பார்த்த பத்மப்ரியாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கோமதிக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருபக்கம் விருந்து, ஒருபக்கம் பட்டினி. பரிமாறுகிற கையோ அவளுடையது.

மறுநாள் வீட்டில் கொள்ளு வேக வைத்தாள். வடித்த தண்ணீரில் மாரப்பனுக்கு ரசம் வைத்தாள். வெந்த கொள்ளை மசித்துத் தூக்குப்போசி நிறைய எடுத்துக்கொண்டு பண்ணைக்கு வந்து, இடது கொட்டகையில் கொட்டினாள். முப்பதும் விழுந்தடித்துத் தின்றன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. சாயங்காலம் தினச்சீட்டு எழுத வேண்டும். 'வேறு தீனி கொடுத்தீர்களா?' என்று அதில் ஒரு கட்டம். தீனி என்றால் மூட்டையில் வருவதல்லவா, இது வீட்டுக் கொள்ளு, ஒரு வாய் ஆசைக்குப் போட்டது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, குண்டு குண்டாக 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இருபத்தெட்டு நாள் கொள்ளு போட்டாள். இருபத்தெட்டு நாளும் 'இல்லை' என்று எழுதினாள்.

ஆறாம் வாரம் எடை பார்த்தார்கள். இரண்டு கொட்டகைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பத்மப்ரியா தராசைக் கழுவித் துடைத்து மறுபடி நிறுத்தாள். அப்போதும் அதே எடைதான். கொச்சியிலிருந்து கிருஷ்ணபிரசாத் சார் கூப்பிட்டார். அங்கே அவர்தான் எல்லாவற்றுக்கும் மேலே. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை அனுப்பிவிட்டு ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்றார்.

"சோளம் தோத்துப்போயிடுத்து, கோமதியக்கா" என்றாள் பத்மப்ரியா. "உங்க மேல ஒரு குத்தமும் இல்லை. இத்தனை சுத்தமா யாருமே சீட்டு எழுதிப் பார்த்ததில்லை. அறிக்கையில உங்க பேரைப் போட்டு நன்றி எழுதிருக்கேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட கோமதிக்கு அவ்வளவு வலித்திருக்காது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கூட்டின தரையையே மறுபடி கூட்டினாள்.

வீட்டில் மாரப்பனிடம் சொன்னாள். அவர் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார். "இப்பத்தக்கி யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க."

"அப்பறம் என்னத்துக்குச் சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கற? வாயத் தொறக்காம இரு. சோளம் போனா அந்தப் புள்ளைக்கு வேற சோளம் கெடைக்கும்."

கோமதியும் அப்படித்தான் இருந்துவிடப் பார்த்தாள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்மப்ரியா தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கட்டக் கயிறு வேண்டுமென்று கோமதியைத்தான் கேட்டாள். கோமதி கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மேடம், நானுங்க... எடது கொட்டாய்க்குக் கொள்ளு போட்டுட்டனுங்க."

பத்மப்ரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கயிறு கையிலிருந்து விழுந்தது.

"எத்தனை நாள்?"

"இருவத்தெட்டு நாளுங்க. தெனமும் ஒரு போசி."

"கொள்ளா? வேற எதாவது போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லையே! தவிடு போட்டிருக்கலாம், நொய்யி போட்டிருக்கலாம். சோளத்துல எது குறைச்சலோ, அதுதானே பயறுல ரொம்பி இருக்கு!" என்றவள், சீட்டுக்கட்டை எடுத்துப் புரட்டினாள். "தினமும் இல்லைன்னு எழுதிருக்கேளே. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"ஏன் கோமதியக்கா?"

பதில் இருந்தது. மெலிந்த குஞ்சைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் பொறுக்காதவள் அதை மறைத்து ஏன் எழுதினாள்? நல்லது செய்கிறோம் என்று நினைத்திருந்தால் எழுதியிருப்பாளே. தப்பு என்று முதல் நாளே தெரியும். தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். பத்மப்ரியா அவளைத் தேற்றவில்லை. தேற்றாததே நல்லது என்று கோமதிக்குத் தோன்றியது.

உள்ளதை உள்ளபடி கொச்சிக்கு எழுதினாள் பத்மப்ரியா. சார் குதித்தார். கடைசியில், இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்றார். அதிலும் இரண்டு கொட்டகையும் சமமாக வந்தால் சோளமும் இல்லை, பத்மப்ரியாவும் இல்லை. கோமதியை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார். பத்மப்ரியா மன்றாடி, வெளி முற்றத்தில் மூட்டை உதறும் வேலைக்கு மாற்றினாள். கொட்டகைகளின் சாவி பண்ணையின் இன்னொரு வேலையாளான நல்லமுத்துவுக்குப் போனது. அவர் பேச்சுக் குறைந்த மனிதர். கொடுத்த தீனியை நிறுத்துப் போடுவார், உள்ளதை எழுதுவார்.

விஷயம் ஊருக்குள் கசிந்தது. மாசியில் ஒரு கல்யாணத்தில் அவள் வாளியைத் தூக்கப் போனபோது, "கோமதியக்கா, கோழிக்கும் ஒரு எலை போடட்டுமா?" என்று எவளோ கேட்டாள். பந்தலே சிரித்தது. வாளியை வைத்துவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு பரிமாறப் போகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் புதுக் குஞ்சுகள் வந்தன. சோதனை நடந்த ஆறு வாரமும் கோமதி கொட்டகைப் பக்கம் திரும்பாமலே நடந்தாள். காதை மட்டும் மூட முடியவில்லை. இடதுபக்கக் குஞ்சுகள் கத்துவது முற்றம் வரை கேட்கும்.

நாற்பத்திரண்டாம் நாள் பத்மப்ரியா தராசை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள். "வித்யாசம் நன்னாத் தெரியறது, கோமதியக்கா! வலதுபக்கம் நன்னா தேறிடுத்து, இடதுபக்கம் எலும்பும் தோலும்தான். நம்ம சோளம் ஜெயிச்சாச்சு!" அவள் கண்ணில் நீர். மூன்று மாதமாகச் சரியாக முகம் கொடுத்துப் பேசாதவள், இப்போது கோமதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க அன்னிக்கு வந்து சொல்லலேன்னா எல்லாம் போயிருக்கும்."

"சந்தோசமுங்க, மேடம்" என்றாள் கோமதி. பொய் இல்லை, சந்தோஷம்தான். அதுதான் அவளைத் தின்றது. இந்த ஆறு வாரமும் தினம் காலையில் பண்ணைக்கு வரும் வழியில் மாரியம்மன் கோயில் முன் நின்று, இடது கொட்டகைக் குஞ்சு முப்பதும் தேறிவிடக் கூடாது தாயே என்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். முதலில் மனசுக்குள் கேட்டாள். பிறகு வாய்விட்டே கேட்டாள். நாலாம் வாரம் இடது கொட்டகையில் ஒரு குஞ்சு செத்துப்போயிற்று. அதைக் குழி தோண்டிப் புதைக்க எடுத்துப்போன நல்லமுத்துவை வழிமறித்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மத்ததெல்லாம் எளச்சிருக்குதுங்களாண்ணா?"

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது கொட்டகை வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததும் அவர்தான். பத்மப்ரியாவின் பிடியில் இரண்டு கையும் இருக்க, கோமதி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.